எண் இல்லாத சான்றிதழ்

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளே!

உங்களில் பெரும்பாலோர் வீட்டில், உங்கள் அண்ணன் அக்காவிடம் இல்லாத ஒரு காகிதம் இருக்கும். 2021-இல் நீங்கள் பத்தாம் வகுப்பு. கொரோனா காலம். பொதுத்தேர்வு நடக்கவில்லை, எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. அந்தச் சான்றிதழில் பாடங்களுக்கு எதிரே எண் கிடையாது, தேர்ச்சி என்ற சொல் மட்டும்தான். ‘ஆல் பாஸ் பேட்ச்’ என்று உங்களைச் சொன்னார்கள். அந்தப் பேச்சு எத்தனை பேரை உள்ளுக்குள் குத்தியது என்று எனக்குத் தெரியும். என் பள்ளிப் பிள்ளைகளும் அதே ஆண்டுதான். பிறகு 2023-இல் பிளஸ் டூ எழுதினீர்கள். 600-க்கு இத்தனை என்ற எண்ணோடு இந்தக் கல்லூரிக்குள் வந்தீர்கள். எண் இல்லாத ஒரு தாளும் எண் உள்ள ஒரு தாளும் சேர்ந்தே உங்கள் கோப்பில் இருக்கின்றன. அதனால் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச உங்களைவிடப் பொருத்தமானவர்கள் எனக்குக் கிடைக்கமாட்டார்கள்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்தவள். பொதுத்தேர்வு முடிந்ததும் ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்தும் மையத்துக்குப் போவேன். காலையில் பன்னிரண்டு தாள், பிற்பகலில் பன்னிரண்டு. தாளில் பெயர் இருக்காது, ஊர் இருக்காது. பக்கத்தில் விடைக்குறிப்பு. சமன்பாட்டை எழுதிவிட்டுச் சமன் செய்ய மறந்திருந்தால் அரை மதிப்பெண் போகும். சித்திரை வெயிலில், நாலு மணிக்கு மேல், இருபதாவது தாளில் ஒரு பிள்ளை சுற்றி வளைத்துச் சரியான விடைக்கு வந்திருக்கும். அதற்கு இரண்டா, இரண்டரையா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். பக்கத்து மேசை ஆசிரியர் அதே விடைக்கு அரை கூட்டியோ குறைத்தோ போட்டிருக்கலாம். அதற்காகத்தான் முதன்மைத் தேர்வாளர், கூர்ந்தாய்வாளர், மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று இத்தனை ஏற்பாடுகள். மனிதர்கள், தங்களால் முடிந்த அளவு நேர்மையாக, கைவலிக்கப் போட்ட எண்தான் உங்கள் கையில் இருப்பது.

அந்த எண்ணுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லமாட்டேன். என் அப்பா கைத்தறி நெசவாளர். எங்கள் குடும்பத்துக்கு அதிகாரியையும் தெரியாது, கல்லூரி வைத்திருப்பவரையும் தெரியாது. என் மதிப்பெண் பட்டியல்தான் எனக்குச் சிபாரிசுக் கடிதம். அது இல்லாமல் போயிருந்தால் பாவு ஓட்டிக்கொண்டிருந்திருப்பேன். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கியவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். ‘மார்க்கா முக்கியம்?’ என்று வசதியான வீட்டில் பிறந்தவர்கள் எளிதாகக் கேட்டுவிடலாம். நமக்கு அது முக்கியமாகத்தான் இருந்தது.

ஆனால் எந்த இடத்தில் முக்கியம், எந்த இடம் வரைக்கும் முக்கியம் என்பதைப் பார்க்க வேண்டும்.

பொறியியல் கலந்தாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். ஒரே கட்-ஆஃபில் பலர் நிற்பார்கள். அப்போது யார் முன்னால்? முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல், இன்னும் சில கணக்குகள், பிறகு பிறந்த தேதி. அதிலும் சமமாக இருந்தால் கணினி கொடுத்த சமவாய்ப்பு எண். வரிசையை ஒழுங்கு செய்ய மதிப்பெண் உதவும், இந்த இரண்டு பிள்ளைகளில் யார் மேல் என்று சொல்ல அதனால் முடியாது. இதை அந்த முறையே ஒப்புக்கொண்டு கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போடுகிறது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

கல்லூரி வாசலைத் தாண்டிய பிறகும் மதிப்பெண் துரத்திக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்பதையும் நம் மாநிலம் பார்த்துவிட்டது. 2014-இல், ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறிய பட்டதாரி ஆசிரியர்களை வேலைக்கு எடுக்க ஒரு வெயிட்டேஜ் கணக்கு வந்தது. தகுதித் தேர்வுக்கு 60, பட்டத்துக்கு 15, பி.எட். படிப்புக்கு 15, பிளஸ் டூவுக்கு 10. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்போது நாற்பதைத் தொட்டிருந்தார். தனியார் பள்ளியில் பத்தாண்டுக்கு மேல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். தகுதித் தேர்வில் நன்றாகவே தேறினார். அவர் பிளஸ் டூ எழுதிய காலத்தில் 1200-க்கு 900 வாங்கினாலே தெருவுக்கு மிட்டாய் கொடுப்பார்கள். அவரோடு போட்டியிட்ட இளைஞர்கள் படித்த காலத்தில் மதிப்பெண் தாராளமாகிவிட்டது. பதினேழு வயதில் எழுதிய தேர்வு, இருபது வருடம் கழித்து வந்து அவர் வேலையை மறித்தது. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள், போராடினார்கள். 2018-இல் அரசு அந்த முறையைக் கைவிட்டது. அதற்குள் அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

இதற்கு மாறாக, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான் தகுதி. தேர்ச்சி பெற்றீர்களா என்று மட்டும் பார்ப்பார்கள், எவ்வளவு என்று கேட்கமாட்டார்கள். அதற்கு மேல் அன்றைக்கு நீங்கள் எழுதும் தேர்வுதான் பேசும். இதுதான் முறை என்று எனக்குப் படுகிறது.

இனிச் சொல்லப்போவதைப் பல வருடங்களாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

என்னிடம் ஒரு மாணவி படித்தாள். வேதியியல் ஆய்வகத்தில் பெர்மாங்கனேட் டைட்ரேஷன் செய்வோம், நினைவிருக்கும். ப்யூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு வந்து நிலைக்கும் சொட்டில் நிறுத்த வேண்டும். மற்ற பிள்ளைகள் ஒன்றிரண்டு சொட்டுத் தாண்டி, குடுவை கருஞ்சிவப்பான பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் தாண்டியதே இல்லை. ரோஜா இதழின் அடிப்பக்கம் போல ஒரு நிறம் வரும். சரியாக அங்கே திருகை மூடுவாள். மற்றவர்கள் குடுவையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரமாட்டார்கள், அவளிடம் போவார்கள். ஆனால் எழுதச் சொன்னால் தடுமாறுவாள். பிளஸ் டூவில் வேதியியலில் தேறவில்லை. உடனடித் தேர்வு எழுதியிருக்கலாம், எழுதவில்லை. சான்றிதழ் வாங்கக்கூடப் பள்ளிக்கு வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். இரண்டு பேருந்து மாறினால் போதும். போகவில்லை.

பல ஆண்டுகள் கழித்துத் திருப்பூரில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஆய்வகத்தை நினைவுபடுத்தினேன். ‘எனக்குத்தான் கெமிஸ்ட்ரி வராதே டீச்சர்’ என்றாள். வருத்தமே இல்லாமல், தன் உயரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். எங்கள் பள்ளியில் வேதியியல் மிக நன்றாக வந்த கைகள் அவளுடையவை. அதை அவள் படிக்கும்போது யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வராது என்று தேர்வு முடிவு மட்டும் சொன்னது, அவள் நம்பிவிட்டாள்.

பட்டமளிப்பு மேடைகளில் கணித மேதை ராமானுஜன் பெயர் அடிக்கடி வரும். எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறாதவர், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார் என்பார்கள். நடுவில் நடந்ததை விட்டுவிடுவார்கள். தேறாத அந்த இளைஞர் கணக்கு நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரிடம் ஒரு குமாஸ்தா வேலை கேட்டுப் போனார். நோட்டுகளைப் பிரித்துப் பார்த்த அவர், இவரைக் குமாஸ்தா ஆக்குவது தகாது என்று சென்னையில் கணிதம் தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் தன் பணத்தில் மாதம் 25 ரூபாய் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. அங்கே இருந்த நாராயண ஐயரும் நோட்டைப் பார்த்தார். கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனது 1913-இல்தான். அதற்கு முன்பே இத்தனை பேர், கல்லூரித் தேர்வு முடிவை ஒதுக்கிவைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் அலுவலக வேலை தலைக்கு மேல் இருந்தவர்கள்.

நீங்கள் இதுவரை மேசைக்கு இந்தப் பக்கம் நின்றீர்கள். இன்னும் சில வருடங்களில் அந்தப் பக்கம் உட்காருவீர்கள். ஆசிரியராக, மேலாளராக, கடைக்கு ஆள் எடுப்பவராக, முக்கியமாக ஒரு பிள்ளைக்குத் தாயாகவோ தகப்பனாகவோ. மே மாதத்தில் ஒரு நாள் காலை, கைப்பேசியில் வந்த எண்களை உங்கள் பிள்ளை தயங்கித் தயங்கி நீட்டும். அதைப் பாருங்கள், பார்க்கத்தான் வேண்டும். பார்த்த பிறகு, உன் நோட்டைக் கொண்டு வா, நீ செய்ததைக் காட்டு என்று கேளுங்கள்.

நானும் இன்று கேட்கிறேன். விழா முடிந்ததும் முன்வரிசையில்தான் இருப்பேன். எனக்குப் பேருந்து ஆறரை மணிக்கு. நீங்கள் வரைந்தது, தைத்தது, எழுதிய நிரல், அரைகுறையாக நிற்கும் ஆய்வு, எதுவாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். மதிப்பெண் பட்டியலை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், பத்திரமாக வைத்திருப்பார்.