பதில் சொல்வது யார்?

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



எமது பாடசாலை தொடங்கிய காலத்தில் இந்த நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை. 1931 இல்தான் கிடைத்தது. அந்த வாக்கை இன்றும் தாளில் புள்ளடியிட்டே அளிக்கிறோம். கட்சி முகவர்கள் பார்த்திருக்க, அலுவலர்கள் கையால் எண்ணுகிறார்கள். இயந்திரத்துக்கு மாறினால் விரைவாக முடியுமே என்று பலரும் கேட்கிறார்கள்.

ஜேர்மனியில் 2005 பொதுத்தேர்தலில் சில மாநிலங்களில் வாக்களிப்பு இயந்திரங்களைப் பயன்படுத்தினார்கள். அது அரசியலமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளித்தது. மோசடி நடந்ததாக நீதிமன்றம் கூறவில்லை. தொழில்நுட்பம் தெரியாத சாதாரண குடிமக்களும் வாக்கெண்ணுதலைச் சரிபார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்றது. இந்தியாவிலும் இயந்திரத்தோடு, வாக்காளர் கண்ணால் பார்க்க ஒரு தாள் சீட்டும் அச்சாகிறது.

போரில் இயந்திரம் பிழைத்தால் மீண்டும் எண்ணிப் பார்க்க முடியாது. 2003 மார்ச்சில், ஈராக் போரின்போது, அமெரிக்காவின் பேற்றியட் ஏவுகணைத் தொகுதி நட்பு நாடான பிரித்தானியாவின் போர் விமானத்தை எதிரியின் ஏவுகணை என்று இனங்கண்டது. இயக்கியவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். யோசிக்கக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. விமானத்திலிருந்த இருவரும் உயிரிழந்தார்கள்.

தானாக இயங்கும் ஆயுதம் எமக்குப் புதிதல்ல. மிதிவெடியும் அதுதான். மிதிப்பவர் சிப்பாயா, விறகு பொறுக்கப் போன பிள்ளையா என்று அது பார்ப்பதில்லை. புதைத்தவர் போன பின்னும் காத்துக் கிடக்கிறது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் இணைந்தது. யுத்தம் முடிந்து இத்தனை வருடங்களாகியும் வடக்கில் பெண்கள் வெயிலில் முழந்தாளிட்டு ஒவ்வொன்றாக அகற்றிவருகிறார்கள்.

என் தொழிலிலும் இயந்திரங்கள் உண்டு. ஈ.சீ.ஜி. இயந்திரம் தன் கருத்தைத் தாளின் மேலேயே அச்சிட்டுத் தரும். உதவிதான். ஆனால் நோயாளியைப் பார்த்து முடிவெடுத்துக் கையொப்பமிடுபவர் வைத்தியர்; பிழைத்தால் உறவினருக்குப் பதில் சொல்பவரும் அவரே. இயந்திரம் சொன்னதை மறுக்க அவருக்கு நேரமும் உரிமையும் இல்லாவிட்டால் அந்தக் கையொப்பம் வெறும் மை.

இன்று எம்மில் பலர் பல நாடுகளில் வாக்காளர்கள். சிலர் இத்தகைய இயந்திரங்களை வடிவமைப்பவர்கள். எங்கிருந்தாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இதைச் சாதாரண மனிதரால் சரிபார்க்க முடியுமா? பிழைத்தால் பதில் சொல்வது யார்? விளங்காததை எழுந்து நின்று கேட்க எமக்குக் கற்றுத்தந்தது இந்தப் பாடசாலைதானே.