நாண் ஏறும் முன்னே



ஊரிலே சின்ன வயதில் வில் செய்யாத பெடியன்கள் குறைவு. ஒரு பூவரசங்கம்பை முறித்து, இரண்டு நுனியையும் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டினால் வில். தென்னோலை ஈர்க்கு அம்பு. காலையில் செய்த வில், பின்னேரம் கயிற்றை அவிழ்த்தாலும் நிமிராது. வளைந்தபடியே கிடக்கும். எறிந்துவிட்டு அடுத்த நாள் வேறு கம்பு முறிப்போம். ஏன் நிமிரவில்லை என்று நாங்கள் யோசித்ததில்லை. அதற்கு மறுமொழி எனக்கு டென்மார்க்கில்தான் கிடைத்தது, ஐம்பது வயது கடந்த பிறகு. இன்று அந்தக் கதையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் நகரத்தில் மரவில் செய்யப் பழக்கும் மாலைநேர வகுப்பொன்று நடந்தது. மகனுக்கு அப்போது பதினைந்து வயது. எங்கள் இருவருக்கும் இடையில் பேச்சு, "சாப்பிட்டியா", "படிச்சியா" என்ற அளவுக்குச் சுருங்கிப் போயிருந்த காலம். அவன்தான் அந்த அறிவித்தலைக் கொண்டுவந்தான். என்னுடைய அப்பா தச்சுவேலை செய்தவர் என்பது அவனுக்குத் தெரியும். "நீங்களும் வாறீங்களோ அப்பா?" என்று கேட்டான். போனேன்.

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. சண்டையில் தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். "ஆயுதத்துக்குப் பயந்து ஓடிவந்த நாங்கள், பிள்ளைக்கு ஆயுதம் செய்யப் பழக்கிறதோ?" என்று கேட்டார். என்னிடம் சரியான மறுமொழி இருக்கவில்லை. பேசாமல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன்.

நேயர்களே, நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் வில்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. சேலண்ட் தீவில் ஹோல்மகோர் என்ற சதுப்பு நிலத்தில் 1944ஆம் ஆண்டு எல்ம் மரத்தால் செய்த விற்களைக் கண்டெடுத்தார்கள். அவை ஏறக்குறைய 9000 ஆண்டுகள் பழையவை. காற்றுப் புகாத சேற்றுக்குள் கிடந்தபடியால் மரம் உக்கிப் போகவில்லை. எங்களுக்கும் வகுப்பில் எல்ம் மரம்தான் தந்தார்கள். பிளந்து, ஒரு வருடம் நிழலில் காய்ந்த தடி.

என்னுடைய பூவரசங்கம்புக் கேள்விக்கு அங்கேதான் விடை கிடைத்தது. பச்சை மரம் சுகமாக வளையும். ஆனால் வளைந்த இடத்திலேயே நின்றுவிடும். காய்ந்த மரம் வளைய மறுக்கும். பக்குவமாக வளைத்தால் மறுபடி நிமிரும். அம்பைத் தள்ளுவது அந்த நிமிர்வுதான். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். வில் செய்கிறவன் வளைவதை மட்டும் பார்ப்பதில்லை. திரும்பி வருகிறதா என்று பார்க்கிறான். அளவுக்கு மேல் காய்ந்த மரமும் கூடாது, அது வெடித்துவிடும்.

வில்லுக்கு ஒரு முதுகும் ஒரு வயிறும் உண்டு. குறியைப் பார்க்கும் பக்கம் முதுகு. எங்களைப் பார்க்கும் பக்கம் வயிறு. நாணை இழுக்கும்போது முதுகு இழுபடும், வயிறு நெருக்குப்படும். முதுகில் மரத்தின் நார் ஓரிடத்தில் அறுபட்டாலும் முறிவு அங்கேதான் தொடங்கும். அதனால் எல்ம் தடியின் பட்டையை உரித்ததும் தெரிகிற மரத்தை அப்படியே முதுகாக விட்டுவிடுவோம். அதில் கத்தி படக்கூடாது. சீவுவதெல்லாம் வயிற்றுப் பக்கம்தான். எங்கள் வில் 66 அங்குல நீளம். நடுவில் 4 அங்குலம் கைபிடி, அது வளையாது. அதன் இரு பக்கமும் 2 அங்குல அகலத்தில் தொடங்கி, நுனியில் அரை அங்குலமாக ஒடுங்கும்.

வடிவத்தை வெட்டி எடுப்பது இரண்டு நாள் வேலை. அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான வேலை. அதை ரில்லரிங் என்கிறார்கள். வில்லின் இரண்டு கைகளும் ஒரே அளவாக, ஓரிடமும் மடியாமல், ஓரிடமும் விறைக்காமல் வளையும்படி சிறிது சிறிதாகச் சீவிப் பழக்குவது. சுவரில் பொருத்திய கட்டையின் மேல் வில்லின் கைபிடியை வைத்து, நீளமான நாணொன்றைத் தளர்வாகக் கட்டி, கீழே உள்ள கப்பி வழியாகக் கயிற்றை இழுத்தால், தூர நின்று வளைவைப் பார்க்கலாம். எங்கே வளையவில்லையோ அங்கே மட்டும் சுரண்ட வேண்டும். சுரண்டியபின் முப்பது தரம் மெதுவாக இழுத்துவிட்டால்தான் மரம் அந்த மாற்றத்தைக் காட்டும். பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

கனத்தில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால், அந்த இடத்தின் விறைப்பில் கால்பங்குக்கு மேல் போய்விடும். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒரு கை மற்றதைவிட மெலிந்திருந்தால், அந்த மெலிந்த கையில் செய்ய ஒன்றுமில்லை. அதைத் தொடாமல் விட்டு, விறைத்த கையைத்தான் சீவி அதன் அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இதெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தார்கள். நான் கேட்டேனா? தச்சனின் மகன் என்ற எண்ணம் எனக்கு. எங்கள் முதல் வில்லில் வலக்கை கூட வளைந்தது, இடக்கை விறைத்து நின்றது. "அப்பா, இடப்பக்கம் வளையேல்லை. இன்னும் இழுக்காதேங்கோ" என்றான் மகன். "எனக்குத் தெரியும், நீ பேசாமல் நில்" என்று சொல்லி, முழு அளவுக்கு இழுத்துக் காட்டினேன். வலக்கை மெலிந்த இடத்தில் பெரிய சத்தத்தோடு முறிந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. கீழே விழுந்த சிராய்களைக் கூட்டி அள்ளினான். எனக்கு அதுதான் கூடச் சுட்டது. வீட்டுக்குப் போகும் வழியில், காருக்குள், "நீ சொன்னது சரி, நான் கேட்டிருக்க வேணும்" என்று சொன்னேன். என்னுடைய அப்பா எனக்கு அப்படியொரு வார்த்தை சொன்னதில்லை. அதனால் சொல்ல எனக்கும் வாய் பழகியிருக்கவில்லை.

இரண்டாவது வில்லை வீட்டுக் கராஜில் செய்தோம். இந்த முறை அவன் பார்த்துச் சொன்ன இடத்தில் நான் சுரண்டினேன். ஒரு நாள் எவ்வளவு பார்த்தும் ஏதோ பிழை இருப்பது தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை. தேநீர் கொண்டுவந்த மனைவி கதவடியில் நின்று பார்த்தார். அவர் சேலைச் சட்டை தைப்பவர். "வலப்பக்கத் தோள் விறைச்சு நிக்குது. கைபிடியில இருந்து ஒரு சாணுக்கு அங்கால பாருங்கோ" என்றார். அளந்து பார்த்தோம். அந்த இடத்தில் மரம் ஒரு மில்லிமீற்றர் தடித்துத்தான் இருந்தது. அதன்பிறகு நாங்கள் கூப்பிடாமலே வந்து பார்த்தார். ஆனால் வில்லைக் கையால் தொடவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

முடிந்த வில்லை மகன் 26 அங்குலம் இழுக்கும்போது 35 இறாத்தல் காட்டியது. நாணைக் கழற்றினால் முக்கால் அங்குலக் கூனல் மிஞ்சும். பூவரசங்கம்பு இருந்த நிலைக்கு அது ஒன்றுமேயில்லை. வைக்கோல் கட்டில் பத்து மீற்றருக்கு அவன் விட்ட முதல் அம்பு மேலால் போனது. இரண்டாவது குத்தி நின்றது.

செய்ய விரும்புகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். அம்பில்லாமல் நாணை இழுத்துவிடாதீர்கள், வில் முறியும். ஆட்கள் நிற்கும் திசைக்கு விளையாட்டாகக்கூட நீட்டாதீர்கள். எய்து முடிந்ததும் நாணைக் கழற்றி வையுங்கள். கட்டியபடி விட்டால் காய்ந்த மரமும் மெல்ல மெல்ல வளைவையே பழகிவிடும்.

எங்கள் வீட்டில் இந்தக் கடைசி விதியைக் காப்பவர் மனைவிதான். வில் கராஜ் சுவரில் கிடையாகத் தொங்குகிறது. நாணை வாங்கித் தன் தையல் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அம்புகள் வேறு அலுமாரியில். மகன் எய்யப் போவதென்றால் அவரிடம் கேட்டுத்தான் நாணை வாங்க வேண்டும். "நாண் இல்லாட்டி அது தடிதானே, இருக்கட்டும்" என்கிறார். அவர் அன்று கேட்ட கேள்விக்கு நான் தேடிய மறுமொழியை அவரே கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மகன் இப்போது வேறு நகரத்தில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் முதலில் தையல் பெட்டியடிக்குத்தான் போவான்.