பிழைச்செய்தியும் தமிழில் வேண்டும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணிப்பொறிக்குத் தமிழில் ஆணையிட முடியுமா என்று ஐயுற்ற காலம் போயிற்று. முத்தையா அண்ணாமலை அவர்கள் உருவாக்கிய 'எழில்' என்னும் நிரல்மொழியில் பதிப்பி, ஆனால், இல்லை, பின்கொடு, முடி எனத் தமிழ்ச்சொற்களே கட்டளைகளாய் நிற்கின்றன. போற்றற்குரிய ஆக்கம் அது. ஆயின், கட்டளைச் சொல் தமிழானதும் பணி முடிந்ததெனக் கருதுவார் பலர். அக்கருத்துத் தவறு.

நிரல் செவ்வனே ஓடும்போது பொறி கற்பவரிடம் ஏதும் சொல்வதில்லை. பிழை நேரும்போதுதான் வாய் திறக்கிறது. அவ்வேளையில் அது அயன்மொழியிற் பேசுமாயின், தமிழிற் கற்க வந்த பிள்ளை வாயிலிலேயே துரத்தப்படுகிறது. நிரலைப் படித்து அப்படியே இயக்கும் அமைப்பு வரிமொழிமாற்றி எனப்படும். எழிலின் வரிமொழிமாற்றி பைத்தான் என்னும் மொழியில் எழுதப்பெற்றது. இவ்வாறு ஒரு மொழியின்மேல் மற்றொன்றைக் கட்டும்போது, மேல்மொழி தடுத்துப் பிடிக்காத பிழை ஒவ்வொன்றும் அடிமொழியின் ஆங்கிலச் செய்தியாகவே வெளியே கொட்டும். மேலே தமிழ்க்கோலம், அடியில் ஆங்கில ஆட்சி!

அச்செய்தியை மொழிபெயர்த்துவிட்டால் போதுமா? போதாது. பைத்தானின் வரலாறே சான்று. நெளிவு அடைப்புக்குறி ஒன்றைத் திறந்து மூடாது விட்டால், முன்னெல்லாம் அது பெரும்பாலும் அடுத்த வரியிலுள்ள குற்றமற்ற சொல்லைச் சுட்டி, தொடரமைப்புத் தவறு என்று மட்டுமே கூறும். கற்பவர் பிழையில்லா வரியையே துருவிக்கொண்டிருப்பர். 2021-இல் வெளிவந்த 3.10 பதிப்புதான், 'இக்குறி மூடப்படவேயில்லை' என்று திறந்த இடத்தையே காட்டலாயிற்று. வழி எளியது. திறந்த குறிகளையும் அவை நின்ற இடங்களையும் அடுக்கி நினைவில் வைத்துக்கொண்டால், இறுதியில் மூடாது எஞ்சி நிற்பது எதுவெனத் தெரிந்துவிடும். தவறாக எழுதிய பெயருக்கு நெருங்கிய பெயரை எடுத்துக்காட்டுவதும் அப்பதிப்பில் வந்ததே. 1991-இல் வெளிவந்த மொழிக்கு, ஆங்கிலம் அறிந்தார்க்கே, 30 ஆண்டு கழித்துக் கிட்டிய நன்மை இது!

தமிழுக்கோ இன்னொரு கணக்கும் உண்டு. எழிலில் 'நிரல்பாகம்' என்றொரு கட்டளை உளது. ('பாகம்' தமிழா வடசொல்லா என்னும் வழக்கு வேறு.) கண்ணுக்கு அது 6 எழுத்து. ஒருங்குறியிலோ 10 குறியெண். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி எண் பெறுவதே கரணியம். வரித்தொடக்கத்தில் அச்சொல் நிற்க, அதனை ஒட்டி 7 ஆம் இடத்தில் பிழை இருந்தால், குறியெண்ணை எண்ணும் வரிமொழிமாற்றி 11 ஆம் இடம் என்று கூறும். சொல் நீள நீளச் சுட்டுக்குறி வலப்புறம் விலகிக்கொண்டே போகும். உயிரும் மெய்யும் கூடியது ஓரெழுத்து என்னும் தமிழ் மரபைப் பொறி அறியாது, அறிவித்தல் வேண்டும். புள்ளியையும் உயிர்க்குறியையும் முன்னின்ற எழுத்தோடு சேர்த்து ஒன்றாக எண்ணச் சில வரி நிரலே போதும்.

நிரல்மொழி ஆக்கும் இளைஞர்கள் இதனை முதல் நாளிலேயே செய்க. 'எதிர்பாராத குறி' என்று எழுதி நிறுத்தாமல், '3 ஆம் வரி 7 ஆம் எழுத்தில் திறந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை' என்றே பொறியைச் சொல்லச் செய்க.