கரகரத்த ரேடியோவில் காம்போதி

ஒலியின் தரத்தை அலசினால்தான் சங்கீதத்தை ரசிக்க முடியுமா என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பௌதிகப் பட்டதாரி. சங்கீதத்தில் கேள்வி ஞானம் மட்டுமே.

1979-ல் உத்தியோக நிமித்தமாக இதே ஊருக்கு வந்தேன். அப்போது இது போர்ட் பிளேர். 2024-ல்தான் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. சென்னைக்குக் கடல் வழியாகச் சுமார் 1,200 கிலோமீட்டர். சபாக் கச்சேரிகள் அக்கரையிலேயே நின்றுவிட்டன. எங்களுக்கு ஒரு சின்ன டிரான்சிஸ்டர்தான் கதி. இரவில் சிற்றலையில் சென்னை நிலையம் கிடைக்கும். ஆனால் ஒலி ஏறும், தேயும், கரகரக்கும்.

ஒரு நாள் என் சகதர்மிணிக்கு விளக்க ஆரம்பித்தேன். வானொலி அலைகள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புகின்றன, பல வழிகளில் வந்து சேர்வதால் சில சமயம் ஒன்றையொன்று கூட்டும், சில சமயம் அழிக்கும் என்றேன். "சரி, காம்போதி போயிண்டிருக்கு, பேசாம கேளுங்கோ" என்றாள். ராகம் எது என்பதையே நான் கவனித்திருக்கவில்லை!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜம் நொடிக்குச் சுமார் 130 அதிர்வுகள். அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதைச் சரியாகத் தராது. ஆனால் 260, 390, 520 என்ற அதன் மடங்குகளைத் தந்துவிடும். அவற்றை வைத்து, இல்லாத 130-ஐ நம் காதும் மூளையும் இட்டு நிரப்பிக்கொள்ளும். அவள் கேட்ட காம்போதியில் பாதி அவளே பாடியது என்று சொல்லலாம்.

அதற்காகத் தரமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த ரேடியோவில் தம்புராவின் ஜீவன் போயே போய்விட்டது. அது நஷ்டம்தான். மிருதங்கத்தையும் பாருங்கள். 1920-ல் சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 'நேச்சர்' இதழில் நம் தோல் வாத்தியங்களைப் பற்றி எழுதினார்கள். சாதாரண முரசில் இல்லாத சுருதிச் சுத்தம் மிருதங்கத்துக்கு வருவது, வலந்தலையின் நடுவே அப்பியிருக்கும் கரணையால்தான். மிருதங்கம் செய்கிறவர்களோ அதைக் காதாலேயே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

இப்போது என் கதை. பையன் வாங்கித் தந்த ஹெட்ஃபோன் 20,000 அதிர்வு வரை தருமாம். என் காதோ 4,000-க்கு மேல் மந்தம் என்று பரிசோதனையில் தெரிந்தது. இனிப் பாட்டுக் கேட்கிற சுகம் அவ்வளவுதானா என்று கொஞ்சம் ஆடிப்போய்விட்டேன். அன்று சாயங்காலமே ஒரு பழைய பதிவைப் போட்டுப் பார்த்தேன். காம்போதி காம்போதியாகவே இருந்தது. ஸகாரமும் ஷகாரமும்தான் குழம்புகின்றன. தெரிந்த கீர்த்தனையாக இருந்தால் அதுகூடத் தொந்தரவில்லை.