பேரேடும் வாக்காளர் பட்டியலும்



அமெரிக்கா என்றால் நமக்கு நியூயார்க்கின் மாடிக் கட்டடங்கள் நினைவுக்கு வரும். நான் இன்று பேசப்போவது தெற்கே அலபாமா மாநிலத்தில், மேக்கன் கவுண்டியின் தலைநகரான டஸ்கீகி என்ற சிற்றூரைப் பற்றி. அந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றுக்கும் ஒரே அமைப்பு. நடுவில் ஒரு சதுக்கம், அருகிலேயே நீதிமன்றக் கட்டடம். சதுக்கத்தைச் சுற்றி வங்கி, பலசரக்குக் கடை, மருந்துக் கடை, முடிதிருத்தும் கடை. சற்றுத் தள்ளிப் பருத்தி அரவை ஆலை. சனிக்கிழமை வந்தால் சுற்றுப்பட்டுக் கிராமமெல்லாம் கோவேறு கழுதை வண்டி பூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்துவிடும். வரிகட்ட வந்தவர், வழக்குக்கு வந்தவர், உப்பு வாங்க வந்தவர், சும்மா வந்தவர் எல்லாரும் அந்த ஒரே சதுக்கத்தில்தான் நிற்க வேண்டும். ஹார்ப்பர் லீயின் நாவலைப் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். அவர் பிறந்த மன்ரோவில் இதே அலபாமாவில்தான் இருக்கிறது.

பார்க்க அழகான ஊர். அந்த அழகில் மயங்கிப் பழைய காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடும் புத்தகங்கள் அந்த நாட்டில் நிறைய உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. எனக்கு அந்த ஊரில் பார்க்கத் தோன்றுவது கடைக்காரரின் பேரேடும் நீதிமன்றக் கட்டடத்தில் இருந்த வாக்காளர் பட்டியலும்தான். முதல் புத்தகத்தில் யார் பெயர் எப்படி எழுதப்பட்டதோ, அதைப் பொறுத்தே இரண்டாவதில் அவர் பெயர் ஏறியது, அல்லது ஏறாமல் போனது.

டஸ்கீகியில் வாக்கின் கதை வேடிக்கையாகத் தொடங்கியது. அடிமை முறை ஒழிந்து பதினைந்து ஆண்டு ஆகியிருந்த நேரம். லூயிஸ் ஆடம்ஸ் என்று ஒருவர். அடிமையாகப் பிறந்தவர், தகர வேலை, செருப்பு வேலை, குதிரைச் சேணம் தைக்கும் வேலை எல்லாம் கற்றுச் சொந்தத் தொழில் நடத்தியவர். 1880-இல் டபிள்யூ. எஃப். ஃபாஸ்டர் என்ற வெள்ளையர் மாநில செனட்டுக்குப் போட்டியிட்டார். கறுப்பின மக்களின் வாக்கு அவருக்குத் தேவை. ஆடம்ஸ் கேட்டது பணமோ பதவியோ இல்லை, தம் மக்களுக்கு ஒரு பள்ளிக்கூடம். ஃபாஸ்டர் வென்றார், சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். ஆசிரியர் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் மானியம் ஒதுக்கச் சட்டமன்றம் இசைந்தது. தலைமை ஆசிரியர் வேண்டுமென்று கடிதம் எழுதியவர் ஜார்ஜ் கேம்பல். அவர் ஒரு வணிகர், வங்கி நடத்தியவர், முன்னாளில் அடிமைகளை வைத்திருந்தவரும்கூட. அந்தக் கடிதத்தின் பேரில் வந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். 1881 ஜூலை 4-ஆம் தேதி பள்ளி தொடங்கியது. வாக்குக்கு விலையாக ஒரு பள்ளிக்கூடம்! அதைவிட நல்ல பேரம் எந்தத் தேர்தலில் நடந்தது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அது ஒரு தேர்தலின் கதை. ஆண்டு முழுக்க நடந்த கதை கடையில் இருந்தது.

நிலமில்லாத விவசாயி, பெரும்பாலும் கறுப்பர், ஏழை வெள்ளையரும் உண்டு, வாரத்துக்கு உழுகிறார். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. அறுவடை வரை சாப்பிட வேண்டுமே? கடைக்காரரிடம் போகிறார். உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, மக்காச்சோள மாவு, கரும்புப் பாகு, மண்ணெண்ணெய், கலப்பைக்குக் கொழு, வயலுக்கு உரம். எல்லாம் கடன். அடமானமாக வைக்க அவரிடம் என்ன இருக்கிறது? இன்னும் முளைக்காத பருத்தி இருக்கிறது. அதன்மேல் கடைக்காரருக்கு உரிமை உண்டு என்று சட்டமே எழுதிக்கொடுத்தது. ஒரு கடையில் எழுதிக்கொடுத்துவிட்டால் அந்த வருஷம் வேறு கடைப் படி ஏற முடியாது. ஏறினாலும் எவரும் கடன் தரமாட்டார்.

ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. ரான்சம், சட்ச் என்ற இரு பொருளாதார வரலாற்று ஆசிரியர்கள், பக்கத்து ஜார்ஜியாவில் 1880-களின் மக்காச்சோள விலைகளை எடுத்து இந்த இரண்டு விலைக்கும் உள்ள இடைவெளியை ஆண்டு வட்டியாக மாற்றிப் பார்த்தார்கள். நூற்றுக்கு 50-ஐத் தாண்டியது. இங்கே எதிரில் உட்கார்ந்திருக்கிற வணிகர்கள் சிலர் புருவத்தை உயர்த்துவது தெரிகிறது. நியாயம்தான். அந்தக் கடைக்காரருக்கும் ஒரு பக்கம் உண்டு. அவரும் பெரிய ஊர் மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சரக்கு எடுத்தவர். மழை பொய்த்தால் அவர் பணமும் மண்ணோடு போகும். அதனால் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். பருத்தி போடு, பருத்திக்குத்தான் சந்தை உண்டு, பருத்திக்குத்தான் கடன் உண்டு. வீட்டு வாசல்வரை பருத்தி. சோளம் விதைக்க இடமில்லை, அதனால் சோள மாவும் கடையில், அதுவும் கடன் விலையில்.

டிசம்பரில் கணக்குத் தீர்ப்பார்கள். பேரேடு கடைக்காரர் கையில், எழுதுகிறவரும் அவர், கூட்டுகிறவரும் அவர். எழுத்தறியாதவர் எதிரில் நிற்கிறார். "இந்த வருஷமும் கொஞ்சம் நின்றுபோச்சு" என்றால், நின்றுபோனதுதான். கூட்டல் தப்பு என்று ஒரு கறுப்பர் வாய் திறந்தால், அது கணக்கு விவகாரமாக முடியாது, உயிர் விவகாரமாக முடியலாம்.

1896-இல் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் டஸ்கீகிக்கு வந்தார். வேர்க்கடலை போடுங்கள், தட்டைப்பயறு போடுங்கள், சர்க்கரைவள்ளி போடுங்கள், மண் பிழைக்கும் என்றார். 1906-இல் வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பும் ஏற்பாடும் செய்தார். பெரிய அறிவியலாளர், நல்ல யோசனை. ஆனால் பேரேடு பருத்தி என்றல்லவா சொல்கிறது! கடைசியில் அந்தப் பேரேட்டை அசைத்தவற்றில் ஒன்று ஒரு பூச்சி. மெக்சிகோவிலிருந்து வந்த பருத்திக் காய்க்கூன்வண்டு 1910 வாக்கில் அலபாமாவில் நுழைந்து பருத்தியை அழித்தது. அதே மாநிலத்து என்டர்பிரைஸ் என்ற ஊர் வேறு வழியில்லாமல் வேர்க்கடலைக்கு மாறிப் பிழைத்தது. 1919-இல் அந்த வண்டுக்கு நன்றி சொல்லி நடுத்தெருவில் நினைவுச் சின்னமும் எழுப்பியது. ஊரைக் கெடுத்த பூச்சிக்குச் சிலை வைத்தவர்கள் வணிகர்கள்தான். லாப நஷ்டம் பார்க்கத் தெரிந்தவர்கள்.

இன்னொரு அசைவு தபாலில் வந்தது. கடை கவுன்டரில் வெள்ளையர் எல்லாரும் வாங்கி முடிக்கும்வரை கறுப்பர் காத்திருக்க வேண்டும். பல கடைகளில் தொப்பியைத் தலையில் வைத்துப் பார்க்க விடமாட்டார்கள். அந்த நிலையில் சிகாகோவிலிருந்து சியர்ஸ் நிறுவனத்தின் தடித்த விலைப்பட்டியல் வந்தது. விலை அச்சில் இருக்கிறது, ஆளுக்கொரு விலை இல்லை. எழுதி அனுப்பினால் பொருள் வரும், வரிசையில் யார் முன்னால் என்ற கேள்வி இல்லை. 1896-இல் கிராமத்து வீடுகளுக்கே தபால் கொண்டுபோகும் திட்டம் தொடங்கியது, 1913-இல் அரசே பார்சல் சேவை ஆரம்பித்தது. சிற்றூர்க் கடைக்காரர்கள் இந்தப் பார்சல் தபாலை எவ்வளவு எதிர்த்தார்கள் தெரியுமா! கையில் ரொக்கம் இருந்தவர்களுக்குத்தான் இந்த விடுதலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேரேட்டில் மாட்டியவர் விலைப்பட்டியலைப் புரட்டிப் படம் பார்க்கலாம், அவ்வளவுதான். அந்த சியர்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஜூலியஸ் ரோசன்வால்டு 1912-இல் டஸ்கீகி பள்ளியின் அறங்காவலர் ஆனார். அவர் தந்த நிதியும், கறுப்பின மக்கள் சேர்த்த காசும் உழைப்பும், அரசுப் பணமும் கூடி 1932-க்குள் தென் மாநிலங்களில் சற்றொப்ப ஐயாயிரம் பள்ளிகள் எழுந்தன.

இனி இரண்டாவது புத்தகம்.

1901-இல் அலபாமா புது அரசியல் சட்டம் எழுதியது. கறுப்பரை வாக்குச்சாவடியிலிருந்து வெளியேற்றவே எழுதியது, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. வாக்குப் போட ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி. ஒரு வருஷம் விட்டால் அது அடுத்த வருஷத்தில் சேரும், சேர்ந்து சேர்ந்து 36 டாலர் வரை ஏறும். கட்டக் கடைசி நாள் பிப்ரவரி 1. டிசம்பரில் கணக்குத் தீர்த்து வெறுங்கையோடு வீடு திரும்பியவரிடம் பிப்ரவரியில் ரொக்கம் ஏது? இரண்டு புத்தகமும் எங்கே தொட்டுக்கொள்கின்றன என்று இப்போது தெரிகிறதா? அதோடு எழுத்தறிவுச் சோதனை. அதோடு, ஏற்கெனவே வாக்குரிமை உள்ள ஒருவர் வந்து இவருக்காக உறுதி சொல்ல வேண்டும். மேக்கன் கவுண்டியில் அது நடைமுறையில் ஒரு வெள்ளையர். வாக்காளரைப் பதிவு செய்யும் வாரியமோ மாதக்கணக்கில் கூட்டமே நடத்தாது.

இந்தப் பூட்டை ஒருவர் வணிக வழியில் திறந்தார். சார்லஸ் கோமிலியன், கல்லூரியாக வளர்ந்துவிட்ட அந்த டஸ்கீகி பள்ளியில் சமூகவியல் ஆசிரியர். வீடு கட்ட நினைத்தார். தமக்காக உறுதி சொல்கிறவருக்கே வேலை என்று வெள்ளை ஒப்பந்தக்காரரிடம் நிபந்தனை வைத்து, 1939-இல் வாக்காளர் ஆனார். சமூகவியல் பாடத்தில் இது எந்த அத்தியாயம் என்று தெரியவில்லை.

அவரால் ஏன் முடிந்தது? அவர் சம்பளம் ஊர்க் கடைக்காரரிடமிருந்து வரவில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. டஸ்கீகியில் அந்தக் கல்லூரி இருந்தது. 1923-இல் முன்னாள் படைவீரர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனையும் வந்தது, போராடி அதில் கறுப்பின மருத்துவர்களும் பணியில் அமர்ந்தார்கள். மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியர், மருத்துவர், தாதி, எழுத்தர். பேரேட்டில் பெயர் இல்லாதவர்கள். ஆனால் அந்தச் சம்பளம் செலவானது சதுக்கத்து வெள்ளையர் கடைகளில். கவுண்டி மக்களில் நூற்றுக்கு 84 பேர் கறுப்பர். கல்லா அவர்களால் நிறைந்தது, நகராட்சி மட்டும் அவர்களுடையது இல்லை.

அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாக்காளர் ஆனார்கள். நானூறு பேர் சேர்ந்ததும் வெள்ளையருக்குப் பயம் வந்தது. 1957-இல் சாம் எங்கல்ஹார்ட் என்ற மாநில செனட்டர் ஒரு மசோதா கொண்டுவந்தார். சதுரமாக இருந்த நகர எல்லையை 28 பக்கம் கொண்ட கோணல்மாணல் உருவமாக வெட்டினார். பிரமாதமான கத்தரிக்கோல்! நான்கைந்து பேர் தவிர அத்தனை கறுப்பின வாக்காளரும் ஊருக்கு வெளியே போனார்கள், வெள்ளை வாக்காளர் ஒருவர்கூடப் போகவில்லை. எதிர்ப்பே இல்லாமல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வீடு நின்ற இடத்தில்தான் நின்றது, ஊர் நகர்ந்துவிட்டது.

ஜூன் 25 அன்று மாலை பட்லர் சேப்பல் தேவாலயத்தில் கூட்டம். ஏறத்தாழ மூவாயிரம் பேர் திரண்டார்கள், உள்ளே இடமில்லாமல் வெளியே நின்று கேட்டார்கள். நம்மை ஊரை விட்டு நீக்கியவர்களின் ஊரில் நாம் ஏன் சாமான் வாங்க வேண்டும் என்பதே கூட்டத்தின் முடிவு. அலபாமாவில் பகிஷ்காரம் சட்டப்படி குற்றம். மான்ட்கோமரி நகரில் பேருந்துப் பகிஷ்காரம் நடத்திய தலைவர்கள்மேல் அந்தச் சட்டத்தின்கீழ்தான் வழக்குப் போட்டிருந்தார்கள். ஆகவே கோமிலியனும் நண்பர்களும் அந்தச் சொல்லை வாயிலேயே எடுக்கவில்லை. நமக்கு நண்பர்களாக இருப்பவர்களிடம் வாங்குவோம் என்று மட்டும் சொன்னார்கள். யார் நண்பர் என்று பட்டியல் தரவில்லை, தரத் தேவையும் இல்லை.

மறுநாளிலிருந்து சதுக்கம் வெறிச்சோடியது. உப்புக்கும் சோப்புக்கும் மான்ட்கோமரிக்கும் ஓபலைக்காவுக்கும் கார் ஓட்டிக்கொண்டு போனார்கள். வாரம் வாரம் பெட்ரோல் செலவு, வெயில், அலைச்சல். அவர்கள் கொடுத்த விலை அது. மாநில அட்டர்னி ஜெனரல் ஜான் பேட்டர்சன், கோமிலியனும் நண்பர்களும் நடத்திய குடிமக்கள் சங்க அலுவலகத்தில் சோதனை நடத்தினார், தடையுத்தரவு கேட்டு நீதிமன்றம் போனார். வெள்ளை நீதிபதி ஒருவரே, யார் எங்கே வாங்குவது என்பது அவரவர் உரிமை என்று 1958-இல் தீர்ப்பளித்தார். கடைகள் ஒவ்வொன்றாக மூடின.

இதே ஆயுதம் மறுபக்கமும் வெட்டும். 1960-இல் டென்னசி மாநிலத்து ஃபயெட் கவுண்டியில் வாக்காளராகப் பதிவு செய்த கறுப்பர்களின் பெயர்ப் பட்டியல் கடைகளுக்குப் போனது. அந்தப் பெயருக்கு மளிகை இல்லை, பெட்ரோல் இல்லை, கடன் இல்லை. வாரக்குடிகள் நிலத்தைவிட்டு விரட்டப்பட்டார்கள். குளிர்காலத்தைக் கூடாரங்களில் கழித்தார்கள். டஸ்கீகியில் வென்றதும் ஃபயெட்டில் அவதிப்பட்டதும் ஒரே மாதிரித் துணிச்சல்காரர்கள்தான். மாதச் சம்பளம் என்ற ஒன்றுதான் வித்தியாசம். வாக்குரிமையைப் பற்றிப் பேசும்போது மக்களின் வீரத்தை மட்டும் பாடுகிறவர்கள், அந்த வீரர் எந்தக் கடையில் கணக்கு வைத்திருந்தார் என்று கேட்பதில்லை.

மிச்சத்தைச் சுருக்கிச் சொல்கிறேன், அவைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஃபிரெட் கிரே என்ற இளம் வழக்கறிஞர் முன்னின்று நடத்திய வழக்கு உச்சநீதிமன்றம் போனது. கோமிலியன் ஒரு பக்கம், மேயர் லைட்ஃபுட் மறுபக்கம். 1960 நவம்பர் 14-ஆம் தேதி ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. எல்லையைப் பழையபடி வைக்க மறு ஆண்டு உத்தரவாயிற்று. 1964-இல் நகர்மன்றத்துக்கு இரண்டு கறுப்பர் தேர்வானார்கள். 1966-இல் லூசியஸ் அமர்சன் ஷெரீஃப் பதவிக்குத் தேர்வானார்.

அந்த 1964 தேர்தலைப் பற்றித்தான் எனக்கும் என் நண்பர் சிலருக்கும் வாக்குவாதம். கறுப்பின வாக்காளரே பெரும்பான்மை ஆகிவிட்டார்கள், எல்லா இடத்தையும் எடுத்திருக்கலாம். கோமிலியனின் சங்கமோ கறுப்பரும் வெள்ளையரும் கலந்த அணியை ஆதரித்தது. இது கோழைத்தனம் என்று கறுப்பரில் சிலர் கொதித்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஏழு ஆண்டு முன்பு கறுப்பரை ஊரைவிட்டு வெட்டியெறிந்தவர்கள் அந்த வெள்ளையர். இருந்தும் நான் கோமிலியன் பக்கம். கடையை மூட வைக்கத் தெரிந்த மனிதர், அந்தக் கடைக்காரரும் தம்மோடு அதே மேசையில் உட்கார்ந்து தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் கணக்குப் பார்க்கட்டும் என்று நினைத்தார். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.