திகில் படங்களும் கேட்கும் பழக்கமும்

திகில் படங்களைக் காலவாரியாக ஒப்பிடக் கூடியிருக்கும் இந்த அவைக்குத் தலைமையேற்பதில் மகிழ்கிறேன்.

பழைய பேய்ப்படத்தைத் திரையிட்டால் இன்றைய மாணவர்கள் சிரிக்கிறார்கள். அதை வைத்து, அக்காலத்தவர் எளிதில் பயந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டுவது ஆய்வாகாது. தன் பார்வையாளர்கள் எதைக் கேட்டுப் பழகியிருந்தார்களோ, அந்தப் பழக்கத்தைக் கலைத்துத்தான் ஒவ்வொரு காலத்துப் படமும் அச்சுறுத்தியது என்பது என் கருத்து.

1931இல் டாட் பிரௌனிங் இயக்கிய ‘டிராகுலா’வில் தலைப்பையும் இசையரங்கக் காட்சியையும் விட்டால் இசை ஏறத்தாழ இல்லை. நமக்கு அது வெறுமையாகப் படுகிறது. ஊமைப்படத்துக்கு அரங்கிலேயே இசை வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்கோ, அந்த நிசப்தத்தில் டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி நிறுத்தி நிறுத்திப் பேசியது புது அனுபவம்.

வால் லூட்டன் தயாரித்த ‘கேட் பீப்பிள்’ (1942) படத்தில், இரவுத் தெருவில் ஒரு பெண்ணைக் காலடியோசை பின்தொடர்கிறது, திடீரென்று நின்றுவிடுகிறது. சிறுத்தை பாயப்போகிறது என்று நாம் நடுங்கும் நொடியில் சீறிக்கொண்டு வந்து நிற்பது பேருந்து! திரையின் ஓசையை நம்பக் கற்றுவிட்ட காதை அந்தப் படம் ஏமாற்றியது.

‘சைக்கோ’வின் (1960) குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் எண்ணினார். பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் அலறியதைக் கேட்டபின் மனம் மாறினார். அவரே 1963இல் ‘தி பேர்ட்ஸ்’ படத்தில் பின்னணி இசையை அறவே விலக்கி, மின்னணுக் கருவியில் உருவாக்கிய பறவை ஒலிகளைப் பயன்படுத்தினார். 2018இல் வந்த ‘எ கொயட் பிளேஸ்’ படத்தில் ஓசை எழுப்பினாலே உயிர் போகும். பேரொலிக்குப் பழகிய அரங்கை அது அமைதியால் மிரட்டியது.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். ‘நோஸ்ஃபெராட்டு’வுக்கு (1922) ஹான்ஸ் எர்ட்மன் அமைத்த இசையில் பெரும்பகுதி தொலைந்துவிட்டது. ‘டிராகுலா’வுக்கு 1990களின் இறுதியில் பிலிப் கிளாஸ் புதிதாக இசையமைத்தார். அந்த இசையோடு படத்தைப் பார்த்தவர் 1931இன் அச்சத்தைப் பற்றிப் பேச முடியாது.

என் கருத்துக்கும் எல்லை உண்டு. ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) படத்தில், நடைபிணங்களிடமிருந்து இரவெல்லாம் தப்பிப் பிழைத்த கறுப்பின நாயகனை, விடிந்ததும் நடைபிணம் என்றெண்ணி, வேட்டையாட வந்த மனிதர்களே சுட்டுக்கொல்கிறார்கள். அந்த முடிவு தரும் அச்சத்தை ஒலியை வைத்து விளக்க முடியவில்லை. அதற்கு அன்றைய அமெரிக்கச் சமூக வரலாறு தேவைப்படுகிறது. ஒலி எவ்வளவு தூரம் விளக்கும், எங்கே வரலாற்றின் துணையை நாட வேண்டும் என்பதை இந்த அமர்வுகள் வரையறுக்கட்டும். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.