தலைச்சுற்றலும் பித்தமும்



தலை சுற்றுகிறதென்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் அதற்குப் பித்தமென்று பெயரிட்டு, எலுமிச்சஞ் சாற்றைக் கொடுத்துப் படுக்கவைப்பது நம் இல்லங்களின் வழக்கம். மயக்கம், கிறுகிறுப்பு, சுழற்சி எனத் தமிழ் வெவ்வேறு சொற்களை வைத்திருக்க, நாமோ அனைத்தையும் பித்தத்துள் அடக்கிவிட்டோம்.

எழுந்து நிற்குங்கால் கண் இருண்டு வருவது மயக்கம். மூளைக்குச் செல்லும் இரத்தம் சிறிது குறைதலால் நேர்வது. நீர் வற்றுதலும், இரத்த அழுத்தத்திற்கு உண்ணும் மருந்தும் இதற்குக் காரணமாகலாம். வீடே சுழல்வது வேறு. உட்காதினுள் நீர் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள. நாம் நிலைதவறாது நிற்க உதவுவன அவை. அவற்றின் தொழிலை ஆராய்ந்த வியன்னா நகரத்து ராபர்ட் பாரனி என்பார் 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்றார். உட்காதிலுள்ள சுண்ணாம்புத் துகள் இடம்பெயர்ந்து குழலுட் புகுந்தால், படுக்கையிற் புரளுந்தோறும் சில வினாடி உலகம் சுழலும். இதற்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டுவதில்லை. மருத்துவர் தலையை முறைப்படி திருப்பித் துகளை வெளியேற்றிவிடுவார்!

அஞ்சத்தக்கது பிறிதொன்று. சுற்றலோடு நாக்குழறல், வாய் கோணல், ஒருபக்கக் கைகால் தளர்ச்சி, இரட்டைப் பார்வை, நிற்கவொண்ணாத் தள்ளாட்டம், இவற்றுள் ஒன்றேனும் திடீரெனத் தோன்றின் அது பக்கவாதத்தின் தொடக்கமாயிருக்கலாம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். பித்தம் தணியட்டுமென்று விடியுமளவும் காத்திருப்பின் அந்நேரம் கழிந்துபோம். குழறும் வாயில் சாறு ஊற்றுவதோ புரையேறச் செய்யும். மார்பு வலியோ நினைவிழப்போ உடன்வரினும் தாமதித்தல் ஆகாது. தொடங்கிய மணியைக் குறித்துக்கொண்டு உடனே 108க்குச் சொல்லுங்கள். மருத்துவர் அந்த மணியைக் கட்டாயம் கேட்பார்.